‘வாஸ்’ஸுக்கும் வினைக்கும் நடுவில் ஓர் இடம்

ஆங்கில அறிக்கை எழுதப் பழக்குகிறவர்கள் பலர் முதல் வகுப்பிலேயே ‘பெசிவ் வொய்ஸை, அதாவது செயப்பாட்டு வினையைக் குறையுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதில் நியாயமும் இல்லை. இங்கே அன்றாடம் எழுதப்படும் ஆங்கிலத்தில் பெரும்பங்கு அறிக்கை ஆங்கிலம்தான். எந்தக் குளக்கட்டு திருத்தப்பட்டது, எந்த வீதி எதுவரை போடப்பட்டது, எத்தனை குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டன என்பதே அதில் பேச்சு. செய்தவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அல்லது அந்த இடத்தில் தேவைப்படாது. பாதிக்கப்பட்டதை முன்னால் நிறுத்திப் பேசச் செயப்பாட்டு வினைதான் வசதி. தமிழிலும் நம்முடைய அலுவலகக் கடிதங்கள் ‘இத்தால் அறியத்தரப்படுகின்றது’ என்றுதானே ஓடுகின்றன.

என் கவலை அந்தச் செயப்பாட்டு வினைக்குள் வந்து உட்காரும் சில சொற்களைப் பற்றியது. ‘மோர் கெயார்ஃபுலி’, ‘மோர் சிவியர்லி’, ‘பெட்டர்’, ‘வேர்ஸ்’, ‘ஏர்லியர்’ என்று, ஒன்றைவிட மற்றொன்று எப்படி நடந்தது எனச் சொல்லும் ஒப்பீட்டு வினையடைகள். செய்தவரின் பெயர் மறைந்துபோன வாக்கியத்தில், எப்படி, எவ்வளவு என்று சொல்கிற பொறுப்பு முழுக்க இவற்றின் தலையில்தான் விழுகிறது. இவை உருவம் மாறினாலோ இடம் மாறினாலோ வாக்கியம் வேறொன்றைச் சொல்லிவிடும். எழுதியவர் உண்மையைத்தான் எழுதினார், படித்தவர் வேறு உண்மையை எடுத்துக்கொண்டார் என்ற நிலை வரும். இலக்கணப் பிழை என்று யாரும் சிவப்பு மை போடாத இடத்தில்கூட இது நடக்கிறது.

ஏன் இந்த ஊரில் இது பெரிய விஷயம் என்றால், இது அலுவலகங்களின் ஊர். 1988 இல் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டபோது அதன் தலைநகர் திருகோணமலை. 2007 தொடக்கத்தில் இரண்டும் பிரிந்த பிறகும் கிழக்கு மாகாண நிர்வாகம் இங்கேயே இருக்கிறது. கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், பிரதேச செயலகங்கள், திணைக்களங்கள், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்து சேர்ந்த உதவி நிறுவனங்கள் என்று கடிதம் எழுதுகிற இடங்களுக்குப் பஞ்சமில்லை. இலங்கை அரசியலமைப்பின் 1987 பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. நடைமுறையில் அதன் அர்த்தம் இதுதான்: சிங்களத்தில் சுற்றறிக்கை வரும், தமிழில் கோப்புக்குறிப்பு எழுதப்படும், பணம் தருகிறவருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை போகும். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையிடம் முதல் மாதத்திலேயே ‘இங்கிலீஷில் ஒரு ரிப்போட் அடிச்சுத் தாங்கோ’ என்று கேட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட அறிக்கைகளைத் திருத்திக்கொடுப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சில இளம் உத்தியோகத்தர்கள் வந்து இருந்து படிக்கிறார்கள். இங்கே எழுதுவதெல்லாம் அந்த மேசையில் கிளம்பிய விஷயங்கள்.

முதலில் உருவம். இதைக் கெதியாகச் சொல்லிவிடலாம். ‘கோ, வென்ட், கோன்’ என்று பாடமாக்குகிறோமே, அந்த மூன்றாவது வடிவத்துக்கு அடையாக வருவது வினையடை. ஆகவே ‘மோர் கெயார்ஃபுல் செக்ட்’ கிடையாது, ‘மோர் கெயார்ஃபுலி செக்ட்’. பேச்சில் ‘குயிக்கர்’, ‘ஈஸியர்’ என்று வரும் இடங்களில் அறிக்கை நடை ‘மோர் குயிக்லி’, ‘மோர் ஈஸிலி’ என்பதையே எதிர்பார்க்கும். ‘பெட்டர்’, ‘வேர்ஸ்’, ‘ஃபாஸ்ட்டர்’, ‘ஹார்டர்’, ‘சூனர்’, ‘ஏர்லியர்’ ஆகியவை தாங்களே ஒப்பீட்டைச் சுமப்பவை. அவற்றுக்கு முன்னால் ‘மோர்’ போடக்கூடாது. அழுத்தம் வேண்டும் என்றால் ‘மச்’ அல்லது ‘ஃபார்’ போடலாம், ‘வெரி’ போடமுடியாது. ‘வெரி கெயார்ஃபுலி’ சரி, ‘வெரி மோர் கெயார்ஃபுலி’ பிழை, ‘மச் மோர் கெயார்ஃபுலி’ சரி. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவைதான்.

சொல்லிக்கொடுக்காமல் விட்டது ‘ஹார்ட்’.

ஆழிப்பேரலைக்குப் பிறகு எழுதப்பட்ட ஆங்கில அறிக்கைகளில் ‘ஹார்டஸ்ட் ஹிட்’, ‘வேர்ஸ்ட் அஃபெக்டட்’ என்ற சொற்கள் திரும்பத்திரும்ப வரும். மிக மோசமாகத் தாக்கப்பட்ட இடங்கள் என்று அர்த்தம். இவற்றின் ஒப்பீட்டு வடிவங்கள் ‘ஹார்டர் ஹிட்’, ‘வேர்ஸ் அஃபெக்டட்’. இப்போது ஒரு பிள்ளை, வினையடைக்கு ‘லி’ சேர்க்கவேண்டும் என்ற விதியை வடிவாகப் படித்துக்கொண்டு வந்து, தன் கிராமத்தைப் பற்றி ‘த வில்லேஜ் வாஸ் ஹார்ட்லி ஹிட்’ என்று எழுதுகிறது. விதிப்படி பார்த்தால் பிழையே தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹார்ட்லி’ என்றால் ‘அவ்வளவாக இல்லை’. கிராமம் கடுமையாக அடிபட்டது என்று சொல்ல வந்த வாக்கியம், கிராமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறது. வீடு, வள்ளம், வலை எல்லாம் இழந்த குடும்பங்களின் பட்டியலுக்கு மேலே இப்படியொரு வாக்கியம் இருந்தால், தூர தேசத்தில் கோப்பைத் திறக்கிறவர் பட்டியலை நம்புவாரா, வாக்கியத்தை நம்புவாரா? ‘ஹார்ட்’ என்ற சொல்லுக்கு ‘லி’ சேர்க்கவே வேண்டாம் என்று நான் ஒரேயடியாகச் சொல்லிவிடுவேன். ‘ஹார்டர் ஹிட்’ என்று எழுதுங்கள், அதற்குத் துணிவில்லை என்றால் ‘மோர் சிவியர்லி அஃபெக்டட்’ என்று எழுதுங்கள். இரண்டும் சுத்தமான அறிக்கை ஆங்கிலம்.

‘டீப்’ என்ற சொல்லும் இதே சாதி, ஆனால் இவ்வளவு ஆபத்தில்லை. கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டினால் ‘வாஸ் டக் டீப்பர்’. ‘மோர் டீப்லி’ என்பது பெரும்பாலும் மனத்துக்கும் கருத்துக்கும் உரியது: ஆழமாக உணரப்பட்டது, ஆழமாக ஆராயப்பட்டது. ‘ஹையர்’, ‘மோர் ஹைலி’ இரண்டுக்கும் இதே வித்தியாசம். மதில் ‘பில்ட் ஹையர்’, ஆள் ‘மோர் ஹைலி ரெஸ்பெக்டட்’.

அடுத்தது இடம். இங்கேதான் தமிழ் படித்த காதுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. அதை யாரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பது என் குறை.

செய்வினையில் ஆங்கிலம், வினையடையைப் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளும். பட்டியலை நன்றாகத் தயாரித்தார்கள் என்பதற்கு ‘தே பிரிபெயார்ட் த லிஸ்ட் வெல்’. ‘வெல்’ என்ற சொல்லைத் தமிழ் வரிசைப்படி வினைக்கு முன்னால் போட்டால் ஆங்கிலம் ஏற்றுக்கொள்ளாது. அதனால் நம் பிள்ளைகள் வினையடையைப் பின்னால் போடவேண்டும் என்று அடிபட்டு அடிபட்டுப் பழகுகிறார்கள். செயப்பாட்டு வினைக்கு வந்ததும் கதை மாறுகிறது. ‘த லிஸ்ட் வாஸ் வெல் பிரிபெயார்ட்.’ வினையடை, மூன்றாம் வடிவத்துக்கு நேர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒப்பீடாக்கினால் ‘வாஸ் பெட்டர் பிரிபெயார்ட்’, ‘வாஸ் மோர் கெயார்ஃபுலி பிரிபெயார்ட்’. தமிழைப் பாருங்கள்: ‘கூடுதல் கவனமாகத் தயாரிக்கப்பட்டது’. அதே வரிசை. நாம் இயல்பாக எந்த இடத்தில் வினையடையை வைப்போமோ, அறிக்கை ஆங்கிலமும் செயப்பாட்டில் அதே இடத்தைத்தான் விரும்புகிறது. செய்வினையில் வாங்கிய அடியால் பயந்துபோய், சரியாக வந்த சொல்லையும் பின்னால் இழுத்துவிடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். இந்த ஒரு இடத்திலாவது உங்கள் காதை நம்புங்கள் என்று அவர்களிடம் சொல்லவேண்டியிருக்கிறது.

துணைவினைகள் வரிசையாக வந்தால் குழப்பம் வரும். ‘ஷுட் ஹாவ் பீன் செக்ட்’ என்று மூன்று துணைவினைகள் முன்னால் நிற்கும்போது ‘மோர் கெயார்ஃபுலி’ எங்கே போகும்? எத்தனை துணைவினை வந்தாலும் அது மூன்றாம் வடிவத்தை விட்டு நகராது: ‘ஷுட் ஹாவ் பீன் மோர் கெயார்ஃபுலி செக்ட்’. ‘ஹாவ்’ என்பதற்கும் ‘பீன்’ என்பதற்கும் நடுவில் போட்டால் வாக்கியம் நொண்டும். அங்கே உரிமையோடு உட்காருகிறவை ‘ஆஃபன்’, ‘ஆல்ரெடி’ போன்ற காலமும் தடவையும் சொல்லும் சொற்கள்: ‘ஹாஸ் ஆஃபன் பீன் டிலேட்’. எப்படி நடந்தது என்பது வினையோடு ஒட்டும், எப்போது, எத்தனை முறை என்பது முதல் துணைவினையோடு ஒட்டும்.

சரி, கடைசியில் போடவே கூடாதா? போடலாம். ஒப்பீடுதான் செய்தி என்றால் கடைசிதான் நல்ல இடம். போன வருடத்தைவிட இந்த வருடம் பட்டியல் கவனமாகப் பார்க்கப்பட்டது என்பதையே அழுத்திச் சொல்லவேண்டும் என்றால் ‘வாஸ் செக்ட் மோர் கெயார்ஃபுலி தேன் லாஸ்ட் இயர்’. ஆங்கிலக் காது வாக்கியத்தின் வாலில் வருவதைத்தான் புதுச்செய்தியாக எடுத்துக்கொள்ளும். ‘ஃபாஸ்ட்டர்’, ‘சூனர்’, ‘டீப்பர்’ போன்ற ஒற்றைச் சொற்களுக்குக் கடைசியைத் தவிர வேறு இடமே இல்லை. ‘வாஸ் ஃபாஸ்ட்டர் சென்ட்’ என்று யாரும் எழுதமாட்டார்கள். ‘பெட்டர்’, ‘வேர்ஸ்’ இரண்டும் முன்னாலும் வரும்.

‘ஏர்லியர்’, ‘லேட்டர்’ இரண்டையும் தனியாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் இவை இடம் மாறும்போது அர்த்தமே மாறிவிடும். நம் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்கள் பிறகு கோட்டை கட்டப் பயன்பட்டன. இதை ‘த ஸ்டோன்ஸ் வேர் லேட்டர் யூஸ்ட்’ என்று எழுதினால் ‘லேட்டர்’ என்பதில் ஒப்பீடே இல்லை, அது வெறும் ‘பிறகு’. அதே சொல்லைக் கடைசியில் போட்டு ‘வேர் யூஸ்ட் லேட்டர்’ என்றால், வேறு எதைவிடப் பிந்தி என்ற கேள்வி மெல்ல எட்டிப்பார்க்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. எச்சரிக்கை முதலே கிடைத்ததால் முதல்நாள் இரவே பல கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றான ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி, திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இதில் இரண்டு வாக்கியங்கள் எழுதலாம். ‘த ஷிப்ஸ் ஹாட் ஏர்லியர் பீன் சென்ட் அவுட்’ என்றால் கப்பல்கள் அதற்கு முன்பே அனுப்பப்பட்டிருந்தன என்ற தகவல். ‘த ஷிப்ஸ் ஷுட் ஹாவ் பீன் சென்ட் அவுட் ஏர்லியர்’ என்றால் இன்னும் முந்தி அனுப்பியிருக்கவேண்டும், அனுப்பவில்லை என்ற குற்றச்சாட்டு. முன்னால் நின்றபோது காலக்குறிப்பு, பின்னால் போனதும் ஒப்பீடு. துணைவினையும் சேர்ந்து மாறியிருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் ‘ஏர்லியர்’ தன் இடத்தை விட்டு நகராமல் அந்தக் குற்றச்சாட்டு தெளிவாக வராது.

இனி நான் அதிகம் மல்லுக்கட்டுகிற இடம். ‘மோர்’.

‘மோர்’ என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. எண்ணிக்கை கூடியதையும் சொல்லும், தன்மை கூடியதையும் சொல்லும். செயப்பாட்டு வினையிலிருந்து பிறந்த மூன்றாம் வடிவம் பெயருக்கு அடையாக வரும்போது இந்த இரண்டு வேலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ‘மோர் சிவியர்லி டமேஜ்ட் ஹவுஸஸ் வேர் லிஸ்டட்.’ இதன் பொருள் என்ன? கூடுதலாகச் சேதமடைந்த வீடுகள் பட்டியலில் சேர்க்கப்பட்டனவா, அல்லது கடுமையாகச் சேதமடைந்த வீடுகள் மேலும் பல சேர்க்கப்பட்டனவா? இரண்டுமே சரியான ஆங்கிலம். பேசும்போது குரல் எந்தச் சொல்லில் ஏறி இறங்குகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். கடதாசியில் குரல் இல்லை.

மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற பக்கத்து ஊர்களில் மாரிமழைக்கு வெள்ளம் புதிதல்ல. அப்படியொரு வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் அனுப்பிய அறிக்கையில் கிட்டத்தட்ட இதே வாக்கியம் இருந்தது. மோசமாகப் போன வீடுகளை முதலில் பட்டியலிட்டோம் என்பதுதான் எழுதியவர் நினைத்தது. பணம் தருகிற பக்கம், முதல் கணக்குக்கு மேலே இன்னும் வீடுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று விளங்கிக்கொண்டு, கூடுதல் எண்ணிக்கைக்கு ஆதாரம் கேட்டு எழுதியது. இங்கே இருந்தவர்களுக்கு எந்தக் கூடுதல் எண்ணிக்கை என்றே விளங்கவில்லை. கடிதம் போய் வந்து, தொலைபேசியில் கதைத்து, விஷயம் தெளிவாகும்போது வெள்ளம் வற்றி வயலில் அடுத்த வேலை தொடங்கிவிட்டது. அறிக்கை பிறகுதான் என் கைக்கு வந்தது. நான் செய்தது அடையைப் பெயருக்குப் பின்னால் தள்ளியது மட்டும்: ‘ஹவுஸஸ் தட் வேர் மோர் சிவியர்லி டமேஜ்ட்’. எண்ணிக்கையைச் சொல்ல வந்திருந்தால் ‘எ லார்ஜர் நம்பர் ஆஃப்’ என்று எழுதியிருக்கலாம். இந்த இரண்டில் ஒன்று வந்துவிட்டால் இரட்டை அர்த்தத்துக்கு வழியில்லை. சிலர் நடுவில் சிறுகோடு போட்டால் தீராதா என்று கேட்கிறார்கள். ‘பெட்டர்-பில்ட் ஹவுஸஸ்’ என்பதில் சிறுகோடு உதவும். ‘லி’ என்று முடியும் வினையடைக்குப் பிறகு சிறுகோடு போடுவது ஆங்கில அச்சு வழக்கம் அல்ல. ஆகவே அதை நம்பியிருக்க முடியாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று. நம் நாட்டு அனர்த்த அறிக்கைகளில் வீடுகளை ‘முழுமையாகச் சேதமடைந்தவை’, ‘பகுதியளவில் சேதமடைந்தவை’ என்று பிரிப்பது வழக்கம். ஆங்கிலத்தில் ‘ஃபுலி டமேஜ்ட்’, ‘பார்ஷலி டமேஜ்ட்’. முழுமை என்பது எல்லை. எல்லைக்கு மேலே ஒப்பீடு கிடையாது. ‘மோர் ஃபுலி டமேஜ்ட்’ என்று எழுதினால், கூடிய எண்ணிக்கையில் முழுச்சேதமான வீடுகள் என்று மட்டுமே யாராவது இழுத்துப் பொருள் கொள்ளலாம். ஆனால் ‘மோர் ஃபுலி எக்ஸ்பிளெயின்ட்’ நல்ல ஆங்கிலம், ஏனென்றால் விளக்கம் விரிந்துகொண்டே போகக்கூடியது. வினையைப் பார்க்காமல் வினையடைக்கு மட்டும் ‘மோர்’ சேர்க்கமுடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

ஒப்பீட்டின் மறுபாதி ‘தேன்’. நம்முடைய ‘விட’ பார்க்கிற வேலையை அங்கே பார்க்கிற சொல். தமிழ்ப் பிள்ளைகள் இதில் தடுக்குகிற இடம் எப்போதும் ஒன்றுதான், அதற்குக் காரணமும் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. தம்பலகாமத்தில் நிலாவெளியைவிட அதிகமாக நெல் பயிரிடப்படுகிறது என்கிறோம். ‘தம்பலகாமத்தில்’ என்று இல் உருபு போட்டவர்கள், ‘நிலாவெளியில்விட’ என்று சொல்வதில்லை. ‘விட’ வந்தால் அதற்கு முன்னால் ஐ உருபு வந்தே ஆகவேண்டும். அது வந்ததும், அந்தச் சொல் இடமா, செய்தவரா, செயப்பட்டவரா என்ற அடையாளம் அழிந்துபோகிறது. தமிழ்க் காது அதைச் சூழலிலிருந்து மீட்டுக்கொள்ளும். ஆங்கில அறிக்கை நடை அந்த அடையாளத்தைத் திரும்ப எழுதச் சொல்கிறது. ‘மோர் வைட்லி குரோன் இன் தம்பலகாமம் தேன் இன் நிலாவெளி.’ இரண்டாவது ‘இன்’ விடுபடக்கூடாது.

‘பை’ என்ற சொல்லிலும் இதே கதை. பட்டியல்கள் எழுதுவினைஞர்களைவிட இளம் உத்தியோகத்தர்களால் கவனமாகச் சரிபார்க்கப்பட்டன என்பதை ‘செக்ட் மோர் கெயார்ஃபுலி பை த யங் ஆஃபிசர்ஸ் தேன் த கிளார்க்ஸ்’ என்று விட்டால், உத்தியோகத்தர்கள் எழுதுவினைஞர்களைச் சரிபார்த்ததைவிடப் பட்டியலைக் கவனமாகச் சரிபார்த்தார்கள் என்றும் ஒருவர் படிக்கலாம். ‘தேன் பை த கிளார்க்ஸ்’ என்று ஒரு ‘பை’ சேர்த்தால் போதும். செயப்பாட்டு வினையில் செய்தவர் ஏற்கெனவே பின்னால் ஒதுங்கி நிற்கிறார். அவரை ஒப்பிடும்போதாவது அடையாளத்தோடு நிறுத்தவேண்டும்.

‘உடன் ஒப்பிடும்போது’ என்ற நம் அலுவலகத் தொடரும் ஆங்கிலத்துக்குள் அப்படியே நுழைந்துவிடுகிறது: ‘மோர் சிவியர்லி அஃபெக்டட் கம்பெயார்ட் டு’. ‘மோர்’ ஒப்பிட்டுவிட்டது, பிறகு ‘கம்பெயார்ட்’ எதற்கு? ‘தேன்’ போதும்.

ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன்னால் தமிழ்க் கோப்பிலேயே முடிச்சு விழுந்துவிடுகிற ஒரு இடமும் உண்டு. ‘பயனாளிகள் பட்டியல் இன்னும் கவனமாகச் சரிபார்க்கப்படவில்லை’ என்று குறிப்பு இருக்கிறது. இந்த ‘இன்னும்’ காலத்தைச் சொல்கிறதா, அளவைச் சொல்கிறதா? காலம் என்றால், கவனமான சரிபார்ப்பு இதுவரை நடக்கவில்லை: ‘ஹாஸ் நொட் யெட் பீன் கெயார்ஃபுலி செக்ட்’. அளவு என்றால், சரிபார்த்தார்கள், ஆனால் அதைவிடக் கூடுதல் கவனத்தோடு பார்த்திருக்கவேண்டும்: ‘வாஸ் நொட் செக்ட் மோர் கெயார்ஃபுலி’. முதலாவது, வேலை பாக்கி இருக்கிறது என்கிறது. இரண்டாவது, முடிந்த வேலையில் குறை சொல்கிறது. ஒன்றுக்கு அடுத்த வாரம் ஆள் அனுப்பினால் போதும், மற்றதற்கு யாராவது விளக்கம் எழுதவேண்டியிருக்கும். இப்படிப்பட்ட வாக்கியத்தை ஊகித்து மொழிபெயர்க்க எனக்கு மனம் வருவதில்லை. குறிப்பு எழுதியவருக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுவேன். பெரும்பாலும் அவர்களே ஒருகணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. ‘குட் ஹாவ் பீன் மோர் க்ளியர்லி எக்ஸ்பிளெயின்ட்.’ இன்னும் தெளிவாக விளக்கப்பட்டிருக்கலாம். செய்தவர் பெயர் இல்லை. மோசம் என்ற சொல் இல்லை. ‘தேன்’ கூட இல்லை, இப்போது இருப்பதைவிட என்பது தானாகவே விளங்கும். ஒரு இளம் உத்தியோகத்தர் தன் மேலதிகாரி எழுதிய திட்டத்தில் குறை காணும்போது, உண்மையையும் விடாமல் மரியாதையையும் விடாமல் எழுத இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கணக்காய்வு, மதிப்பீட்டு அறிக்கைகளில் இது நிறைய வருவதும் அதனால்தான்.

ஆனால் உயிர் போன விஷயத்துக்கு இந்த மென்மை ஆகாது. 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியதற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை. இதை எழுதப் புகுந்த ஒருவர் ‘பீப்பிள் குட் ஹாவ் பீன் வோர்ன்ட் ஏர்லியர்’ என்று ஒரு வரியில் கடந்துபோனால் என்னால் ஏற்கமுடியாது. எதைவிட முந்தி? முதலில் ஒரு எச்சரிக்கை வந்து அது பிந்திவிட்டது போல அல்லவா அந்த ஒப்பீடு சொல்கிறது? வராத எச்சரிக்கைக்கு ‘ஏர்லியர்’ கிடையாது. ‘வேர் நொட் வோர்ன்ட்’ என்று ஒப்பீடு இல்லாமல் எழுதவேண்டும், ஏன் இல்லை என்பதை அடுத்த வரியில் எழுதவேண்டும். இந்த இடத்தில் நான் வகுப்பில் குரலை உயர்த்தியே பேசிவிடுகிறேன். விறாந்தையில் இருக்கிறவர்களில் சிலருக்கு அது தங்கள் வீட்டுக் கதை.

அப்புறம் ‘குட் நொட்’. மூதூரிலிருந்து வரும் தங்கச்சி ஒருவர் ஒரு நாள் தொலைபேசியில் வைத்திருந்த கடிதத்தைக் காட்டினார். அவர் தயாரித்த பட்டியலைப் பார்த்த மதிப்பீட்டுக் குழு எழுதியது. ‘த லிஸ்ட் குட் நொட் ஹாவ் பீன் மோர் கெயார்ஃபுலி பிரிபெயார்ட்.’

“மிஸ், இது பாராட்டா, குற்றமா?”

பாராட்டுத்தான். இதைவிடக் கவனமாகத் தயாரிக்க யாராலும் முடியாது என்று அர்த்தம். ஆனால் ‘குட் ஹாவ் பீன்’ என்ற குறைகூறலோடு ஒரு ‘நொட்’ மட்டுமே வித்தியாசம். தமிழில் ‘கூடுதல் கவனமாகத் தயாரிக்கப்பட்டிருக்க முடியாது’ என்று வரிக்கு வரி மாற்றினால், கவனமாகத் தயாரித்திருக்க வாய்ப்பில்லை என்ற சந்தேகம் போலக் கேட்கும். அவருடைய அலுவலகத்திலேயே அந்த வரியை அப்படித்தான் வாசித்திருக்கிறார்கள், அவரும் இரண்டு இரவு நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தங்களுக்குள் இதை எழுதிக்கொள்ளட்டும். நம் அலுவலகங்களுக்கு எழுதும்போது தவிர்ப்பது நல்லது என்பது என் கட்சி. பாராட்டவேண்டும் என்றால் ‘வாஸ் பிரிபெயார்ட் வித் கிரேட் கெயார்’ என்று நேராக எழுதலாம்.

அவருக்குப் பதில் எழுதவேண்டியிருந்தது. கடிதத்தில் பாராட்டோடு, பட்டியலின் இரண்டாம் பகுதியின் ஒழுங்கைப் பற்றிச் சின்னக் குறிப்பும் இருந்தது. மேசையிலேயே இருந்து, துணைவினைகளை விரலால் எண்ணி, அவரே எழுதினார்: ‘த செகண்ட் பார்ட் வில் பி மோர் க்ளியர்லி அரேஞ்ஜ்ட்.’ நான் ஒரு எழுத்தும் தொடவில்லை.